மாலத்தீவில் ஆங்கில டீச்சர் வேலை: வெள்ளியும் சனியும் என்ன செய்வது?

கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறாள். எம்.ஏ., பி.எட். முடித்திருக்கிறாள், மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை வேலை உறுதியாகிவிட்டது, மூன்று மாதத்தில் கிளம்ப வேண்டும். "பாடம் நடத்துவதற்குப் பயமில்லை அக்கா, லீவு நாளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. சின்னத் தீவு, தெரிந்தவர் யாரும் இல்லை, மாதா கோயிலுக்குக்கூடப் போக முடியாதாமே. வாரத்தில் இரண்டு நாளை எப்படிக் கழிப்பது? அங்கே ஓய்வு என்று ஒன்று உண்டா?" இதுதான் கேள்வி.

நான் ஆறு வருடம் அங்கே இருந்தேன். முதல் இரண்டு வருடம் ஹுவதூ அட்டோல் என்கிற பவளத் தீவுக்கூட்டத்தில் ஒரு சின்னத் தீவு, அப்புறம் நாலு வருடம் தெற்குக் கடைசியில் இருக்கிற அட்டுவில். இப்போது தக்கலையில் இருக்கிறேன். அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

முதலில் கிழமைக் கணக்கை மாற்றிக்கொள். அங்கே ஞாயிறு முதல் வியாழன் வரை பள்ளி, வெள்ளியும் சனியும் விடுமுறை. கேட்கும்போது இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்த நம்மைப் போன்றவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலையைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குள் நுழைவது உடம்புக்கே ஒப்பாது. இடைவேளையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால், வீட்டில் பூசைக்குப் போய் வந்து, மீன் வாங்கி, சித்தி பிள்ளைகள் எல்லாரும் கூடியிருக்கிற போட்டோ வந்து கிடக்கும். முதல் மூன்று மாதம் அந்தப் போட்டோக்களைப் பார்த்துவிட்டு யாருக்கும் தெரியாமல் அழுதிருக்கிறேன். வெள்ளிக்கிழமையோ துணி துவைத்து, தூங்கி, ஃபோனைப் பார்த்து வீணாகப் போய்க்கொண்டிருந்தது. ஞாயிறு கையை விட்டுப் போயிருந்தது, அதற்குப் பதிலாகக் கிடைத்த நாளை எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. ஓய்வு கிடைக்கவில்லை என்று அங்கே சொல்கிற முக்கால்வாசிப் பேருக்கு நடப்பது இதுதான். வெள்ளிக்கிழமையை உன் ஞாயிறாக்கிக்கொள். நல்ல சட்டை, நல்ல சாப்பாடு, வீட்டோடு பேச்சு என்று ஞாயிறுக்கு நீ என்னென்ன வைத்திருந்தாயோ எல்லாவற்றையும் வெள்ளிக்கு நகர்த்து. குடும்ப வாட்ஸ்அப் குழுவை ஞாயிறு பள்ளி முடிகிற வரை திறக்காதே. வெள்ளிக்கிழமை நம்ம ஊரில் எல்லாருக்கும் வேலை நாள் என்பதால், நிதானமாகப் பேசுவதற்குச் சனி சாயங்காலத்தை வைத்துக்கொள். அவர்களுடைய கடிகாரம் நம்முடையதைவிட அரை மணி நேரம்தான் பின்னால்.

கோயில் விஷயத்தையும் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஆள் எடுக்கிறவர்கள் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை. முஸ்லிம் அல்லாதவர் அந்த நாட்டின் குடிமகனாக முடியாது என்று அவர்களுடைய 2008-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் சொல்கிறது. வேறு மதத்தவருக்கு ஆலயம் எதுவும் கிடையாது, வெளியில் கூடி வழிபட அனுமதி இல்லை, வகுப்பில் உன் மதத்தைப் பற்றிப் பேசவே பேசாதே. வழிபாட்டுச் சொரூபங்களை நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது, மதுவும் பன்றியிறைச்சியும் அப்படியே. உன் அறைக்குள் நீ தனியாகச் செபிப்பதை யாரும் வந்து கேட்டதாக நான் இருந்த இடங்களில் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, நம்ம ஊர்ப் பூசையின் பதிவை ஹெட்போனில் கேட்பேன். அந்த நேரம் தீவு முழுக்கக் குளித்து, வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு, மத்தியானத் தொழுகைக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். ஊரே ஒரு பெரிய காரியத்துக்குத் தயாராகிற காலை என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலையின் அமைதி அப்படியே அங்கே வெள்ளியில் இருப்பதை நாலாவது மாதத்தில்தான் நான் உணர்ந்தேன்.

ஓய்வு வியாழன் மதியமே தொடங்கிவிட வேண்டும். ஆங்கில டீச்சரின் வாரக்கடைசியைத் தின்பது கட்டுரை நோட்டு. அங்கே இஸ்லாமும் அவர்களுடைய திவேஹி மொழியும் தவிர மற்றப் பாடங்கள் ஆங்கிலத்தில்தான், பத்தாம் வகுப்பில் கேம்பிரிட்ஜ் ஓ லெவல் முறையில் தேர்வு எழுதுகிறார்கள், அதனால் எழுத்துப் பயிற்சி ஏராளம். இரண்டு வகுப்புக்கு ஐம்பது அறுபது கட்டுரை சேர்ந்துவிடும், ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் கணக்குப் போட்டுப் பார். இதற்கு நான் கண்ட வழி: ஒரு வகுப்பு நோட்டைத் திங்களும் மற்றதைச் செவ்வாயும் வாங்கு, வியாழக்கிழமை எந்த நோட்டும் வாங்காதே. எல்லாப் பிழையையும் ஒரே தடவையில் சிவப்பு மையால் திருத்தவும் வேண்டாம். இந்த வாரம் வினைச்சொல்லின் காலம் மட்டும், அடுத்த வாரம் பத்தி பிரிப்பது மட்டும் என்று முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத் திருத்து. திருத்துகிற நேரம் பாதியாகும், பிள்ளைகளும் சிவப்பைப் பார்த்து மிரளாமல் அந்த ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்வார்கள். வியாழன் மாலை பையை அலமாரியில் வைத்துப் பூட்டினால் ஞாயிறு காலைதான் திறப்பேன் என்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன், அதற்கப்புறம்தான் எனக்கு வெள்ளிக்கிழமை முழுதாகக் கிடைத்தது.

டியூஷன் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கில டீச்சர் என்றால் பெற்றோர் தேடி வருவார்கள், பணமும் கிடைக்கும், கடன் வாங்கிப் போயிருந்தால் மனம் சபலப்படும். முதலில் உன் ஒப்பந்தமும் வேலை அனுமதியும் அதற்கு இடம் கொடுக்கின்றனவா என்று பார். இடம் கொடுத்தாலும் வெள்ளியைத் தொடாதே. பரீட்சை சமயத்தில் சனிக்கிழமை கூடுதல் வகுப்பு, பெற்றோர் கூட்டம் என்று பள்ளியே கூப்பிடும், அப்போது உன்னிடம் மிஞ்சியிருப்பது வெள்ளி ஒன்றுதான்.

சரி, அந்த வெள்ளி எப்படிப் போகும்?

காலைச் சாப்பாடு மஸ் ஹுனி. வேகவைத்த சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், சின்னதாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு, உப்பு போட்டுக் கையால் பிசைந்து, ரொஷி என்கிற மெல்லிய ரொட்டியோடு சாப்பிடுவார்கள். கூடக் கறுப்புத் தேநீர், நம்ம கட்டன்சாயாதான். கருவாட்டுத் துவையல் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு இதை முதல் நாளே ஏற்றுக்கொள்ளும். திவேஹியில் மஸ் என்றால் மீன். நம்ம பக்கத்துக் கடைகளில் கட்டையாக விற்கிற மாசிக்கருவாடு இருக்கிறதே, அது இவர்கள் சூரையை அவித்து, புகையிட்டு, வெயிலில் காயவைக்கிற அதே பொருள். என் வீட்டுக்கார அம்மா முதல் வெள்ளிக்கிழமை ஒரு கிண்ணம் மஸ் ஹுனி கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வெள்ளி அந்தக் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மனம் வராமல், குடம்புளி போட்டு, தேங்காய் அரைத்து, நம்ம ஊர் மீன்குழம்பு வைத்துக் கொடுத்தேன். ஆறு வருடத்தில் எனக்குக் கிடைத்த உறவுகள் எல்லாம் அந்தக் கிண்ணத்தில் தொடங்கியவை. அதனால் பெட்டியில் குடம்புளிக்கு ஒரு இடம் ஒதுக்கு. மரச்சீனிக் கிழங்குக்கும் மட்டிப்பழத்துக்கும் ஏங்குவாய், அதற்கு நான் வழி சொல்ல முடியாது. காய்கறி படகு வந்தால்தான், படகு வருகிற அன்றே வாங்கிவிடு.

பத்தரை பதினொன்றுக்கெல்லாம் கடைகள் அடைக்கத் தொடங்கும், தொழுகை முடிந்து நேரம் கழித்துத்தான் திறக்கும். அந்த நேரத்தில் ஒரு முட்டை வாங்கக்கூட முடியாது என்பதை மனதில் வைத்துக்கொள். தெருவில் ஒரு ஆள் இருக்காது. அந்த இரண்டு மூன்று மணி நேரம் தூங்கு, கதைப் புத்தகம் படி. பாடத்துக்காகப் படிக்காதே, உனக்காகப் படி, தமிழில் படி. வாரம் முழுக்க ஆங்கிலமும் காதில் திவேஹியுமாக இருந்துவிட்டு நாலு பக்கம் தமிழ் படிப்பது தலைக்கு எண்ணெய் தேய்த்த மாதிரி இருக்கும்.

பிற்பகல் தொழுகைக்கு அப்புறம் ஊர் வெளியே வரும். ஒவ்வொரு தெரு முனையிலும் கடற்கரையிலும் ஜோலி என்று ஒன்று இருக்கும், இரும்புச் சட்டத்தில் கயிறு பின்னிய இருக்கை, நாலைந்து பேர் வரிசையாகச் சாய்ந்து உட்காரலாம். மரத்தடியில் தொங்குகிற பலகை ஊஞ்சலுக்கு உந்தோலி என்று பெயர். முதல் தடவை அங்கே போய் உட்காரக் கூச்சமாக இருக்கும், யாரும் கூப்பிடவும் மாட்டார்கள், கூப்பிட்டுத்தான் உட்கார வேண்டும் என்கிற வழக்கமே அங்கே இல்லை. போய் உட்கார். பேச்சு தெரியாவிட்டால் பரவாயில்லை, யாராவது உன் மாணவி வந்து மொழிபெயர்ப்பாள். வாரம் முழுக்க நான் அவளைத் திருத்துவேன், வெள்ளி சாயங்காலம் அவள் என் திவேஹி உச்சரிப்பைத் திருத்துவாள், அது அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வகுப்பில் வாய் திறக்காத இரண்டு பிள்ளைகள் என்னிடம் ஆங்கிலம் பேசத் தொடங்கியது ஜோலியில்தான். பெண்கள் பஷி விளையாடுவார்கள். ஒருத்தி வலைக்கு முதுகைக் காட்டி நின்று டென்னிஸ் மட்டையால் பந்தைத் தலைக்கு மேலே பின்பக்கமாக அடிப்பாள், எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள் கையால் பிடிக்க வேண்டும். கூப்பிட்டால் போய்ச் சேர்ந்துகொள், கை சிவந்துபோகும், ராத்திரி தூக்கம் அருமையாக வரும். அப்புறம் ஹெதிகா, அதாவது சாயங்காலப் பலகாரம், பெரும்பாலும் மீனும் தேங்காயும் உள்ளே வைத்துப் பொரித்தவை.

அட்டோல் என்கிற ஆங்கிலச் சொல்லே திவேஹியின் அதொளு என்பதிலிருந்து போனது என்று ஒரு ஜோலிப் பேச்சில்தான் எனக்குத் தெரிந்தது. ராஜராஜ சோழன் மெய்க்கீர்த்தியில் முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம் என்று வருகிறதே, அது இந்தத் தீவுகள்தான் என்கிறார்கள் வரலாற்று ஆசிரியர்கள். அதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்த பெரியவர், உங்கள் ஊர்ப் படகுகளை நாங்கள் இப்போதும் பார்க்கிறோமே என்றார். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்களைத்தான் அவர் சொன்னார். எல்லை தாண்டிப் பிடிபடுகிற சங்கடமும் அதில் உண்டு, இருந்தாலும் அவ்வளவு தூரத்தில் ஒருவர் நம்ம கடற்கரையைத் தெரிந்து பேசியது எனக்குத் தைரியமாக இருந்தது.

இனி சனி. சனியைக் கடலுக்குக் கொடு என்பேன், கொஞ்சம் பொறு, பயத்தையும் பேசுவோம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் கடலுக்குப் பக்கத்திலேயே பிறந்து, கணுக்காலுக்கு மேலே நனையாத பெண்கள்தான் அதிகம். அதற்குக் காரணம் இருக்கிறது, நம்ம அலை அப்படி. கள்ளக்கடல் என்கிற திடீர்ப் பேரலை சொல்லாமல் வரும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது இன்னும் நம் நினைவில் இருக்கிறது. மாலத்தீவின் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை வேலி போல நிற்பதால் உள்பக்கத் தண்ணீர் பெரும்பாலும் இடுப்பளவு, மார்பளவுதான், குளம் போலக் கிடக்கும். நான் முப்பத்தொரு வயதில் அங்கேதான் நீந்தக் கற்றேன், என் கூட வேலை பார்த்த விளையாட்டு டீச்சர் ஒருத்தி கற்றுக்கொடுத்தாள். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்த முதல் தடவை, கிளிமீன் ஒன்று பாறையைக் கொறிக்கிற சத்தம் காதில் கேட்டது. பாறைக்குப் பக்கத்தில் ஆமை, மணலில் திருக்கை, கரையோரம் முழ நீளத்துக்குக் குட்டிச் சுறாக்கள், அவை உன்னைக் கண்டால் ஓடிவிடும். வாரம் முழுவதும் தொண்டை காயக் கத்திவிட்டு, பேச்சே இல்லாத ஒரு இடத்தில் ஒரு மணி நேரம் மிதப்பதைப் போன்ற ஓய்வை நான் வேறு எங்கேயும் கண்டதில்லை.

ஆனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதே. தனியாக இறங்காதே. பாறை வேலியில் படகு வந்து போகிற வாய் இருக்கும், அங்கே நீரோட்டம் இழுக்கும், அந்தப் பக்கமே போகாதே. எந்த நேரம் எந்தப் பக்கம் ஓட்டம் என்று மீனவர்களைக் கேள், கடற்கரை மேடையில் எப்போதும் யாராவது இருப்பார்கள். பவளத்தின் மேல் நிற்காதே, உன் காலும் கிழியும், பவளமும் சாகும். மக்கள் வாழ்கிற தீவுகளில் பெண்கள் முழு உடையோடுதான் குளிப்பார்கள், சுடிதார் போதும், இன்னும் நல்லது முழுக்கை நீச்சல் உடை. சுற்றுலாக்காரர்களுக்கென்று ஒதுக்கிய கடற்கரையில் அவர்கள் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், நீ அந்த ஊர் டீச்சர், நாளைக்கு வகுப்பில் நிற்க வேண்டும்.

வேறு தீவுக்குப் போய்ச் சுற்றுவது பற்றிக் கேட்டால், முதல் இரண்டு மாதம் எங்கேயும் போகாதே என்பேன். பெரும்பாலான பொதுப்படகுகள் வெள்ளிக்கிழமை ஓடுவதில்லை, வேகப்படகுக்குக் காசு அதிகம், விமானம் அதைவிட. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்றுக் காலம், நம்ம ஊரில் ஆனி ஆடியில் கடல் எப்படி இருக்குமோ அப்படித்தான் வெளிக்கடல் இருக்கும், படகை நிறுத்திவிடுவார்கள். என் இரண்டாவது வருடம், சனிக்கிழமை கடைசிப் படகில் திரும்பிவிடலாம் என்று பக்கத்துத் தீவுக்குப் போனேன், காற்று எழுந்து படகு வரவில்லை, ஞாயிறு மத்தியானம்தான் வந்து சேர்ந்தேன். ஒரு நாள் சம்பளம் போனதைவிட, வகுப்பில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தது வருத்தமாக இருந்தது. அதிலிருந்து சனி காலைப் படகில் திரும்புகிற மாதிரி இருந்தால் மட்டுமே கிளம்புவேன். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும், பயணங்களை அதற்கு வைத்துக்கொள்.

தெற்கே வேலை கிடைத்தால் நீ அதிர்ஷ்டசாலி. அட்டுவில் கான் தீவிலிருந்து ஹிததூ வரை தீவுகளைப் பாலமும் சாலையும் இணைக்கின்றன, சைக்கிளிலேயே போய் வரலாம். கான் தீவில் 1976 வரை பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் இருந்தது. ஹுவதூவிலிருந்து அட்டுவுக்குப் போகும்போது பூமத்திய ரேகையைத் தாண்டுவாய், ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளை எழுதவைக்க அதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. இடையில் ஃபுவஹ்முலா என்று ஒற்றைத் தீவு இருக்கிறது. அங்கே நன்னீர் ஏரிகள் இரண்டு, மாமரம், சேம்புத் தோட்டம். பச்சையைப் பார்க்காமல் கண் காய்ந்துபோகிறபோது அங்கே போ, தோவாளைப் பக்கம் வயல் வரப்பில் நிற்கிற நிம்மதி கொஞ்சம் கிடைக்கும். தலைநகர் மாலேயில் வேலை என்றால் கதை வேறு. நெரிசலான நகரம், ஓய்வுக்குப் பாலம் தாண்டி ஹுல்ஹுமாலே கடற்கரைக்குப் போக வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் பவளக்கல்லில் செதுக்கிக் கட்டிய ஹுக்குரு மிஸ்கீ என்கிற வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலை வெளியிலிருந்தாவது பார்த்துவிடு, பத்மநாபபுரம் அரண்மனையில் மரவேலை பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கைவேலை உடனே பிடிபடும்.

ரிசார்ட்டுக்குப் போக வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரு ஆசை இருக்கும். ஒரு பகல் போய் வருவதற்கே டாலரில் கேட்பார்கள். வீட்டிலிருந்து அம்மா அப்பா வருகிறபோது ஒரு தடவை போ, போதும். அதே தண்ணீர், அதே மீன் உன் தெரு முனையிலேயே இருக்கிறது.

கூட வேலை பார்க்கும் கேரளத்து, தமிழ்நாட்டு டீச்சர்களோடு ஒரு வீட்டில் தங்கவைத்தால், வெள்ளி ராத்திரி சேர்ந்து சமைத்துச் சாப்பிடுங்கள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துத் தரப்போவது அவர்கள்தான். ஆனால் இரண்டு நாளும் அறைக்குள் உட்கார்ந்து சம்பளமும் ஒப்பந்தமும் மட்டுமே பேசினால் ஞாயிறு காலையில் தலை கனத்துப்போய் எழுந்திருப்பாய். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வா. என் முதல் தீவைச் சுற்றி வர இருபத்தைந்து நிமிடம், மனம் சரியில்லாத நாளில் நாலு சுற்று நடந்திருக்கிறேன்.

இன்னும் மூன்று மாதம் இருக்கிறது என்றாயே, மக்களே, அதில் நீந்தப் பழகிவிட்டுப் போ. ஊரில் நீந்தத் தெரிந்த அத்தையோ மாமியோ யாராவது இருப்பார்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் குளத்துக்குப் போ. மூச்சை அடக்கி மல்லாந்து மிதக்கத் தெரிந்தால் போதும், மீதியை அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம். முகக்கண்ணாடியை இங்கேயே வாங்கிவிடு, சின்னத் தீவில் உன் முகத்துக்குப் பொருந்துகிற அளவு கிடைப்பது கஷ்டம். எந்த அட்டோல் என்று கடிதம் வந்ததும் எழுது, அங்கே படகு எந்தெந்த நாள் ஓடுகிறது என்று என் பழைய மாணவிகளிடம் கேட்டுச் சொல்கிறேன்.